குடும்பத் தலைவர், அட்மின், கெஸ்ட்

எங்கள் வீட்டுக்குள் ஸ்மார்ட் என்ற பட்டத்தோடு முதலில் நுழைந்தது ரேஷன் கார்டு. 2017-இல் பழைய புத்தகத்துக்குப் பதிலாகக் கைக்கடக்கமாக ஓர் அட்டை கொடுத்தார்களே, அதுதான். சேலம் பக்கத்தில் ஒரு அம்மாவுக்கு வந்த கார்டில் காஜல் அகர்வால் படம் அச்சாகி ஊரே சிரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை, என் படமே வந்தது. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் 'குடும்பத் தலைவர்' என்று போட்டிருந்தார்கள் பாருங்கள், அதைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்புக்குக் காஜல் அகர்வாலே வந்திருக்கலாம்.

இந்த வீட்டில் நான் சொல்லி எதுவும் நடந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலவரம் அப்படி. என் காபியில் சர்க்கரை நின்றதுகூட டாக்டர் சொல்லித்தான். அப்படிப்பட்ட ஒருவன் ரிட்டயர் ஆன கையோடு, கையில் கொஞ்சம் பணமும் இருக்கும் நேரத்தில், 'சொன்னால் கேட்கும் வீடு' என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் என்ன ஆவான்? விளக்கு எரி என்றால் எரியுமாம். ஃபேன் நில் என்றால் நிற்குமாம். நான் வாயைத் திறந்து ஒன்று சொல்லி, அதற்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்காமல் காரியம் நடக்கும் என்றால் அதற்கு என்ன விலையும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்பது பில்லைப் பார்த்ததும் தெரிந்தது.

வீட்டில் இதை இப்படியே சொல்ல முடியுமா? அம்மாவைக் காரணம் காட்டினேன். அம்மாவுக்கு வயது 83. ராத்திரியில் பாத்ரூமுக்கு எழுந்துகொள்வாள். இருட்டில் ஸ்விட்சைத் தடவும்போது கால் இடறினால் என்ன ஆவது? ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு, கண்ணைக் குத்தாத வெளிச்சம், நல்ல தூக்கம், நிம்மதி என்று விளம்பரத்தில் இருந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"அத்தையைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

கேட்டது உண்மை. "எதுக்குடா? ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டுட்டா ஆச்சு" என்றாள் அம்மா. அதை மட்டும் நான் சபைக்குக் கொண்டுவரவில்லை.

பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகள் போனில் கேட்டுவிட்டு, "அப்பா, இந்த ஆசை உனக்கு மட்டும் வரலை" என்று ஒரு கதை சொன்னாள். 1966-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் ஜிம் சதர்லேண்ட் என்று ஒரு எஞ்சினியர், வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்காரர், உபரியாகக் கிடந்த பாகங்களை வைத்துத் தன் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டினாராம். எக்கோ ஃபோர் என்று பெயர், எடை சுமார் 360 கிலோ. மளிகைப் பட்டியல் போடும், வீட்டுக் கடிகாரங்களை ஓட்டும். 3 வருடம் கழித்து ஹனிவெல் கம்பெனியின் கிச்சன் கம்ப்யூட்டர் அங்கே ஒரு பெரிய கடையின் விலைப்பட்டியலில் வந்தது, 10,600 டாலருக்கு. சமையல் குறிப்பைத் தேடித் தரும். ஆனால் அதோடு பேச ஸ்விட்சுகளைத் தட்டி, மினுக்கும் விளக்குகளைப் பார்த்து பூஜ்யமும் ஒன்றுமாகப் படிக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் வகுப்பு வேறு. அதில் ஒன்றுகூட விற்றதாகத் தகவல் இல்லை.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "அதை வாங்கலாமான்னு யோசிச்சதே ஏதாவது வீட்டுக்காரராத்தான் இருக்கும்" என்றாள்.

எப்படியோ அனுமதி வந்தது. விற்றவர்கள் ஒரு பையனை அனுப்பினார்கள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ. ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், உங்க போர்டுல நியூட்ரல் இல்லை" என்றான். குரலில் அவ்வளவு வருத்தம். சொந்த வீடு கட்டி மடிப்பாக்கத்தில் இத்தனை வருடம் குடியிருக்கிறேன், எனக்கு ஒரு குறை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வயரிங்கில் ஸ்விட்சுக்கு ஃபேஸ் மட்டும் வந்து போகும், நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். சாதாரண ஸ்விட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் ஸ்விட்ச் அப்படியில்லை. யாரும் போடாத நேரத்திலும் அது விழித்துக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டும், அதற்கென்று தனியாகக் கொஞ்சம் கரண்ட் வேண்டும் என்று விளக்கினான்.

"சும்மா இருக்கிறதுக்கும் செலவா?" என்று கேட்டாள் மனைவி. பையனிடம்தான் கேட்டாள். பார்த்தது என்னை.

நியூட்ரல் இழுக்கச் சுவரைக் கொத்த வேண்டும். பொங்கலுக்கு அடித்த பெயிண்ட். ஆகவே ஸ்விட்சை விட்டுவிட்டு பல்புகளை ஸ்மார்ட் ஆக்குவது என்று முடிவானது. வினை அங்கேதான் குடியேறியது.

ஸ்மார்ட் பல்பு எரிந்தாலும் அணைந்தாலும் சுவரில் இருக்கும் ஸ்விட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டும். அதை அணைத்துவிட்டால் பல்புக்கு உயிர் போய்விடும், அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாலும் வராது. தமிழ்நாட்டில், ஆளில்லாத அறையில் ஸ்விட்ச் ஆனில் இருப்பதைச் சகித்துக்கொள்ளும் தாய் இன்னும் பிறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் இலவசம், எத்தனையைத் தாண்டினால் விகிதமே மாறிவிடும் என்பதெல்லாம் என் அம்மாவுக்குக் கந்த சஷ்டி கவசத்தைவிட நன்றாகத் தெரியும். மூட்டு வலியோடு அறை அறையாகப் போய் ஸ்விட்சுகளை அணைப்பாள். பின்னாலேயே நான் போட்டுக்கொண்டு போவேன். ஹாலில் ஒருவரையொருவர் கடந்துபோகும்போது, "அந்த ரூம்ல யாரோ லைட்டைப் போட்டு வச்சிருக்காங்கடா" என்று என்னிடமே புகார் சொல்வாள்.

கடைசியில் எல்லா ஸ்விட்சையும் ஆனில் வைத்து மேலே செலோ டேப் ஒட்டினேன். 'அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதியும் ஒட்டினேன். வந்து பார்த்த சம்பந்தி வீட்டார், எங்கள் வீட்டில் மின்கசிவு என்று நினைத்துக்கொண்டு எதையும் தொடாமல் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

விளக்கின் நிறத்தையும் சொல்ல வேண்டும். மாலையில் நீல வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கம் தள்ளிப் போகும் என்கிறார்கள், அதில் விஷயம் இருக்கிறது. நம் வீட்டு ட்யூப்லைட்டெல்லாம் 6500 கெல்வின், வெள்ளை வெளேர். அதனால் சாயங்காலம் 7 மணிக்கு மேல் பல்புகள் தாமாக 2700 கெல்வினுக்கு, இதமான மஞ்சளுக்கு இறங்கும்படி செய்தேன். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இப்படித்தான் இருக்கும். முதல் நாள் வீடு மஞ்சளானதும் நான் ரசித்து ஒரு பெருமூச்சுகூட விட்டிருக்க மாட்டேன், உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "லோ வோல்டேஜ்! ஃபிரிட்ஜை அணைடா!" மனைவி ஓடிப்போய் ஃபிரிட்ஜை அணைத்தாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வந்து, "சார், உங்களுக்கும் ஒரு ஃபேஸ் போயிடுச்சா? மின்னகத்துக்குப் போன் போட்டுட்டீங்களா?" என்றார். 2012-இல் மின்வெட்டில் வெந்த ஜனங்கள் நாம். மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தால் நமக்குத் தூக்கம் வராது, ஸ்டெபிலைசர்தான் ஞாபகம் வரும்.

இனி பாத்ரூம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஒருவன் தனிமையில் அனுபவித்ததை யாரிடமாவது கொட்டினால்தான் ஆறும்.

ஆள் வந்தால் விளக்குப் போடும் சென்சாருக்குக் கண் கிடையாது. உடம்பிலிருந்து வீசும் சூட்டை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. அதுவும் அந்தச் சூடு இங்குமங்கும் நகர்ந்தால்தான் கணக்கு. அசையாமல் உட்கார்ந்தால் ஆள் போய்விட்டான் என்று முடிவு கட்டி விளக்கை அணைத்துவிடும். பாத்ரூமில் மனிதன் பரதநாட்டியமா ஆடுவான்? காலையில் பேப்பரோடு போய் உட்கார்ந்து, தலையங்கத்தில் அரசுக்கு யோசனை சொல்லும் இடத்துக்கு வரும்போது கும்மிருட்டு. கையை ஆட்டினால் வெளிச்சம். அடுத்த பத்தி முடிவதற்குள் மறுபடி இருட்டு. ஒரு கையில் பேப்பர், மறு கையால் விட்டத்தைப் பார்த்து டாட்டா. வெளியிலிருந்து அம்மா, "உள்ளே என்னடா பண்றே? லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சா பல்பு போயிடாதா?" என்பாள். பதில் சொல்லும் நிலையில் நான் இருக்க மாட்டேன்.

அக்னி நட்சத்திரம் வந்தது. எங்கள் பாத்ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே. மதியம் சுவரைத் தொட்டால் கை பழுக்கும். ஒரு நாள் உள்ளே போனவன் கையை ஆட்டுகிறேன், காலை ஆட்டுகிறேன், எழுந்து நின்று இரண்டு குதி குதித்தும் பார்த்துவிட்டேன், சென்சார் மசியவில்லை. பையனுக்குப் போன் செய்தேன். "அது அப்படித்தான் சார் வெயில் காலத்துல. சுத்தி இருக்கிற சுவரும் நீங்களும் ஒரே சூட்டுல இருந்தா அதுக்கு வித்தியாசம் தெரியாது" என்றான். இந்த வீட்டில் நான் இருப்பதும் ஒரு சுவர் இருப்பதும் ஒன்றுதான் என்று என் மனைவி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதைக் கருவி வைத்து நிரூபிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இவ்வளவும் யாருக்காகச் செய்தோமோ அந்த அம்மாவுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் பாத்ரூமுக்குப் போகும்போது கையில் டார்ச் எடுத்துக்கொண்டு போவாள்.

பேசும் ஸ்பீக்கர் ஒன்று ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் இதை யாருக்காவது வாய்விட்டுப் படித்துக்காட்டினால் உங்கள் வீட்டில் இருப்பவள் விழித்துக்கொள்வாள். எங்களுக்கு வாய்த்தவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவன் நான், ஒரு ஆள் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு ராத்திரி, ஃபேனை மூன்றில் வை என்று சொன்னேன். பவ்யமாகச் சரி என்றாள். ஃபேன் அசையவில்லை. விடியற்காலை 3 மணிக்கு அலாரம் அடித்தது. நிறுத்து என்றேன். அந்தப் பாட்டு தன்னிடம் இல்லை என்று வருத்தம் தெரிவித்தாள்.

அம்மாவுக்கு மட்டும் அவளிடம் ஒரு பிரியம். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ எந்த ஊரும்மா? சாப்பிட்டியா?" என்று விசாரிப்பாள். அவள் இங்கிலீஷில் ஏதோ மன்னிப்புக் கேட்பாள். "பாவம்டா, எதைக் கேட்டாலும் தெரியாதுங்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "உன்னை மாதிரியே" என்று சேர்த்துக்கொள்வாள்.

தரை பெருக்கும் வட்ட மெஷினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் படித்துவிட்டு, ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்குட்டிக்காக ஏங்கிய தலைமுறை நாங்கள். எனக்குக் கிடைத்தது எங்கள் சமையலறைக் கறுப்பு கிரானைட்டைப் பார்த்தால் பயந்து பின்வாங்கும். அதன் வயிற்றுக்கு அடியில் இருக்கும் சென்சார் ஒளியை விட்டு அது தரையில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கும். கறுப்புத் தரை ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கே பாதாளம் என்று நினைத்துக்கொள்ளும். நிலைப்படியையும் தாண்டாது. வேலைக்கு வரும் அக்கா இதைப் பார்த்துவிட்டு, "பாவம் சார், குப்பையில சிக்கிக்கும்" என்று முதலில் வீடு முழுக்கப் பெருக்கிவிட்டு அப்புறம்தான் அதைக் கீழே விடுவார்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த அவமானம், வெளியே தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது பூட்டு விவகாரம்.

சாவியே வேண்டாம், விரலை வைத்தால் திறக்கும் பூட்டு. என் மனைவிக்கு ரேஷன் கடை மெஷினிலேயே கைரேகை விழாது. கோலம் போட்டு, பாத்திரம் தேய்த்து ரேகை தேய்ந்துபோன விரல்கள். பூட்டும் அவளை ஒப்புக்கொள்ளவில்லை. "கடையிலயும் நான் இல்லை, வீட்டிலயும் நான் இல்லைன்னா எங்கேதாங்க போறது?" என்றாள். அதற்காக ரகசிய எண் ஒன்று வைத்துக்கொண்டோம். எண்ணை என் மகள் தேர்ந்தெடுத்தாள். மறக்கவே கூடாது என்று எங்கள் கல்யாண தேதியை வைத்தாள். எனக்கு அது ஞாபகத்தில் நின்றதே இல்லை.

அந்தப் பூட்டு நாலு பென்சில் பேட்டரியில் ஓடுவது. கொஞ்ச நாளாகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சின்ன ராகம் பாடிக்கொண்டிருந்தது. என்னை வரவேற்கிறது என்று நினைத்து நானும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவேன். பேட்டரி தீரப்போகிறது என்று அது கதறியிருக்கிறது. ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு, பட்டுப் புடவையும் தாம்பூலப் பையுமாக மூன்று பேரும் ராத்திரி வாசலில் வந்து நின்றால் பூட்டு செத்துக் கிடக்கிறது. அவசரத்துக்கு என்று பூட்டோடு ஒரு நிஜச் சாவியும் கொடுத்திருந்தார்கள். அது தொலைந்துவிடக் கூடாதே என்று நான் பீரோவுக்குள் வைத்திருந்தேன். பீரோ வீட்டுக்குள் இருந்தது.

மணி 10. அந்த நேரத்துக்கு 'குட் நைட்' என்று ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். வாசல்படியில் கொசுவை அடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி பார்க்கிறோம், ஹால் விளக்கு அணைகிறது, சமையலறை விளக்கு அணைகிறது, மாடிப்படி விளக்கு அணைகிறது. படுக்கையறையில் மெல்லிய விளக்கு எரிகிறது, ஏ.சி. ஓடத் தொடங்குகிறது. 2020-லிருந்து புது ஏ.சி. எல்லாம் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அரசு விதி. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு, ஆளில்லாத எங்கள் படுக்கையறை 24 டிகிரிக்குக் குளிர்ந்துகொண்டிருந்தது. அதன் தண்ணீர் என் தலையில் சொட்டியது. எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு வீடு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டது.

மகளுக்குப் போன் போட்டோம். பூட்டுக்கு அடியில் இரண்டு உலோகப் புள்ளி இருக்கும், அதில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை வைத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும் என்றாள். நல்ல யோசனை. மடிப்பாக்கத்தில் ராத்திரி 10 மணிக்கு 9 வோல்ட் சதுர பேட்டரி யார் விற்கிறார்கள்? கடைசியில் வெட்கத்தை விட்டு எங்கள் பழைய எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஸ்மார்ட் வேலையை ஷூ போட்ட பையனுக்குக் கொடுத்ததிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. லுங்கியோடு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் மல்டிமீட்டரின் முதுகைக் கழற்றி அதிலிருந்த பேட்டரியை எடுத்துப் பூட்டுக்கு அடியில் வைத்துப் பிடித்தார். மனைவி கல்யாண தேதியை அழுத்தினாள். கதவு திறந்தது. "பழைய கோத்ரெஜ் பூட்டு நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போனார். வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்த வீடு என் கையை விட்டுப் போனது ஒரு மழை ராத்திரியில். செயலியில் என் பெயருக்கு நேரே அதுவரை 'அட்மின்' என்று இருந்தது. ரேஷன் கார்டுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி. 12 மணிவாக்கில் கரண்ட் போனது. 2 மணிக்கு வந்தது. வந்ததும் வீட்டில் இருந்த அத்தனை பல்பும் முழு வெளிச்சத்தில் பளீரென்று எரிந்தன. ஸ்மார்ட் பல்புகளில் பலவும் அப்படி எரியும்படிதான் கடையிலிருந்து வருகின்றன. சுவர் ஸ்விட்சைப் போடுகிறவன் வெளிச்சம் வேண்டித்தானே போடுவான் என்பது அதன் கணக்கு. ஸ்விட்சைப் போட்டதையும் மின்வெட்டு முடிந்ததையும் பிரித்தறியும் புத்தி அதற்கு இல்லை, மின்வெட்டைப் பார்த்தறியாத ஊரில் யாரோ யோசித்தது. அம்மா விடிந்துவிட்டது என்று எழுந்து பல் தேய்க்கப் போய்விட்டாள். நேராகப் போய் ஸ்விட்சை அணைக்க வேண்டியதுதானே என்பீர்கள். செலோ டேப்! நல்ல கம்பெனி டேப்பாகப் பார்த்து வாங்கியிருந்தேன், நகத்துக்கு அசையவில்லை.

போனை எடுத்தால் செயலி பாஸ்வேர்டு கேட்டது. நான் போட்ட ஒவ்வொன்றையும் நிராகரித்தது. பெங்களூருவுக்குப் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்தில் மகள், "அப்பா, உனக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லு" என்றாள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்று பேங்க் சொல்கிறது, போலீஸ் சொல்கிறது. நான் சொன்னேன். விளக்குகள் அணைந்தன, வீடும் போனது.

அட்மின் ஆனவள் சும்மா இருப்பாளா? 'ஆரோக்கியம்' என்ற பகுதியைத் திறந்தாள். காற்றின் தரத்தை அளக்கும் பெட்டி ஒன்று வந்தது. மிளகாய் தாளித்தால் சிவப்பு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் இன்னும் சிவப்பு. அம்மா அதைத் திருஷ்டி என்று நினைத்து அதற்கும் சேர்த்து சாம்பிராணி காட்டினாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்ததாக ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சென்சார் ஒட்டச் சொன்னாள். அப்பாவுக்கு சுகர் இருக்கிறதே என்ற அக்கறையாம்.

ராத்திரி 11 மணிக்கு மேல் நான் ஃபிரிட்ஜைத் திறந்தால் பெங்களூருவில் மணி அடிக்கும். உடனே போன் வரும். "அப்பா, ஃபிரிட்ஜ்ல என்ன எடுத்தே?"

"தண்ணிம்மா."

"நாலு நிமிஷமா திறந்திருக்கே?"

எத்தனையோ ஆடிட் பார்த்தவன் நான். இப்படி ஒரு ஆடிட்டரைப் பார்த்ததில்லை.

கொஞ்சம் யோசித்தேன். இந்தக் கதவு சென்சாரில் இரண்டு துண்டு. ஒன்றில் காந்தம், இன்னொன்றில் அந்தக் காந்தம் பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொண்டு, விலகினால் பிரியும் ஒரு குட்டி ஸ்விட்ச். அவ்வளவுதான் அதன் அறிவு. ஃபிரிட்ஜ் மேலேயே திருப்பதியிலிருந்து வாங்கி வந்த பெருமாள் காந்தம் இருந்தது. அதை எடுத்து ஸ்விட்ச் துண்டின் பக்கத்தில் ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன். போன் வரவில்லை. பெருமாள் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற வாக்கில் மூன்று மைசூர்பா சாப்பிட்டேன். ரிட்டயர் ஆனபின் நான் அடைந்த முதல் வெற்றி.

அந்த மகிழ்ச்சியில் பெருமாளைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடமிருந்து வீடியோ கால். "அம்மா, இந்த மூணு நாளா நம்ம வீட்டுல யாருமே ஃபிரிட்ஜைத் திறக்கலையா? பால் எங்கேர்ந்து எடுக்கிறீங்க?" மனைவி எழுந்து போய்ப் பார்த்தாள். பெருமாள் இடம் மாறியிருப்பதைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது என் போன்தான், 'உங்கள் நிலை மாற்றப்பட்டுள்ளது' என்று. திறந்து பார்த்தேன். என் பெயருக்கு நேரே 'கெஸ்ட்' என்று இருந்தது. விருந்தாளி விளக்குப் போடலாம், அணைக்கலாம். மற்றபடி எதிலும் கை வைக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்திருக்கிறேன், எழுத்து மூலம் வந்தது இப்போதுதான்.

இப்போது நிலவரம் இதுதான். பல்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று பழைய பல்புகள் வந்துவிட்டன, அம்மா ஆசை தீர ஸ்விட்சை அணைத்துக்கொள்கிறாள். பாத்ரூம் வழியில் எலக்ட்ரீஷியன் ஒரு குட்டி எல்.இ.டி. ராத்திரி விளக்கைச் செருகிவிட்டுப் போனார். அரை வாட்தான் இழுக்கும், இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும், யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காது. அம்மா அதை ஜீரோ வாட்ஸ் என்றுதான் சொல்கிறாள். பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு பத்துப் பதினைந்து வாட் இழுத்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அவரே மாட்டினார். மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் பெட்டி. இன்டர்நெட் கிடையாது, செயலி கிடையாது, பேசாது. முன்பெல்லாம் காலையில் எதிர்வீட்டுக்காரர், "சார், டேங்க் ரொம்பி வழியுது" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். இப்போது கத்த ஒன்றுமில்லாமல் கொஞ்சம் வாடிப் போயிருக்கிறார். இத்தனை பொருளில் வீட்டுக்குச் சுகம் கொடுத்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதற்குக் கொடுத்த விலைக்கு ஸ்மார்ட் பல்பு ஒரு கை நிறையக்கூட வராது.

வாசலில் இருக்கும் காமிரா காலிங் பெல்லை மட்டும் அட்மின் கழற்ற விடவில்லை. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள், ஆனால் பெல்லை அழுத்தாதீர்கள். அது பெங்களூருவில்தான் அடிக்கும். மீட்டிங்கில் இருக்கும் என் மகள் அதை முடித்துவிட்டு எனக்குப் போன் செய்து வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்வதற்குள் உங்களுக்குக் கால் கடுத்துவிடும். கேட்டைத் தட்டி, "சார்" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன். கையில் ஏதாவது இனிப்பு வாங்கி வருவதாக இருந்தால் காமிராவுக்குத் தெரியாமல் முதுகுப் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.